சனிக்கிழமை தையல்: துணித் தட்டு

வணக்கம் அக்காமார், தங்கச்சிமார்.
யூலை 4, சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு வாசிகசாலையில், தோடு, காப்பு போட்டுவைக்கிற சின்னத் துணித் தட்டு தைக்கிறம்.

கொண்டு வாங்கோ:
1. பருத்தித் துணி, 20 செ.மீ. சதுரம் 2. தோய்த்து, அயன் பண்ணிப்போட்டு வெட்டுங்கோ. பிறகு சுருங்கினால் தட்டு கோணும்.
2. தடித்த ஒட்டுக் கன்வஸ் (அயன் சூட்டில் துணியோடு ஒட்டுற விறைப்புத் துணி), 18 செ.மீ. சதுரம் 1. தயவுசெய்து 20க்கு வெட்டாதேங்கோ. கன்வஸ் தையலுக்குள் போனால் மூலை மொத்தித்துப்போகும், திருப்பினாலும் கூர் வராது.
3. ஊசி, நூல், கத்தரிக்கோல்.

கன்வஸை ஒரு துணியின் பின்பக்கத்தில் நடுவாக வீட்டிலேயே ஒட்டி வாங்கோ. அயனை இழுக்காமல் தூக்கித் தூக்கி அமத்துங்கோ, இழுத்தால் குமிழ் விழும்.

அங்கே இரண்டு துணியையும் நல்ல பக்கம் உள்ளே வர வைத்து, ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே தைத்து, ஒரு பக்க நடுவில் 8 செ.மீ. தைக்காமல் விட்டுத் திருப்புவம். மூலைக்குக் கிட்ட விட்டால் கிழியும். சுற்றிவர ஓரத்தையல் போட்டபிறகு, ஒவ்வொரு மூலை நுனியிலிருந்தும் 3 செ.மீ. தள்ளி இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கையால் நாலு தையல். சுவர் வடிவாய் எழும்பும்.

வாறவை, கை மெசின் கொண்டு வரக்கூடியவை வியாழன் இரவுக்குள் இங்கேயே எழுதுங்கோ. கறண்ட் நிண்டால் கை மெசின்தான் கைகொடுக்கும்.