உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பாசிட்ரான் பொய் சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றும் உவர்நீரும் உலோகத்தை அரிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானை வைத்து ஒரு குழாய் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லிவிடலாம் என்ற தொனியில் முடிந்திருந்தது. அப்படிச் சொல்ல முடியாது. மிச்சத் தடிமன்தான் தெரிய வேண்டுமென்றால் ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் கேஜ் போதும். பாசிட்ரான் காட்டுவது, உலோகத்துக்குள் அணு இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடப்பதை. பத்து லட்சம் இடத்தில் சில காலியாக இருந்தாலே அதற்குத் தெரிந்துவிடும்.

பாசிட்ரானைத் தருவது கதிரியக்கமுள்ள சோடியம்-22 குளோரைடு, அதாவது இதுவும் உப்புதான். நம் உப்பளத்துச் சோடியத்தைவிட நிறை கொஞ்சம் குறைவு. தம்பி முறை என்று வைத்துக்கொள்ளலாம். அரை ஆயுள் 2.6 ஆண்டு. 7.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கேப்டன் என்ற பிளாஸ்டிக் தாளில் ஒரு சொட்டு காயவைத்து மடித்து, ஒரே மாதிரியான இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைக்க வேண்டும். 10 மி.மீ. சதுரம், 1 மி.மீ. தடிமன் போதும். பாசிட்ரான் பிறக்கும்போது கூடவே வரும் 1.27 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். பாசிட்ரான் எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது வரும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா அதை நிறுத்தும். குறையில்லாத இரும்பில் பாசிட்ரானின் ஆயுள் சுமார் 110 பிக்கோ செகண்ட் (ஒரு செகண்டை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு). தனிக் காலியிடத்தில் மாட்டினால், அங்கே எலக்ட்ரான் குறைவு என்பதால், 175 வரை நீளும். காலியிடங்கள் கொத்தாக இருந்தால் 300-ஐயும் தாண்டும்.

தவறு பெரும்பாலும் நடப்பது கருவியில் அல்ல, பட்டறையில். இந்த மூலத்திலிருந்து வரும் பாசிட்ரான் இரும்பிலோ பித்தளையிலோ சராசரியாக 30 மைக்ரான் ஆழம்தான் போகும். ஹாக்சா பிளேடால் அறுத்து உப்புத்தாளால் தேய்த்த முகத்தில் அதே ஆழத்துக்கு உலோகம் நசுங்கி, அணு வரிசைகள் இடம் பெயர்ந்து கிடக்கும். அவையும் பாசிட்ரானைப் பிடிக்கும். ஆயுள் 150-க்கு மேல் ஏறியதும் "அரிப்பின் அடையாளம்" என்று எழுதிவிடுகிறார்கள். அளந்தது உப்புத்தாளை!

உவர்நீர் பட்ட பித்தளைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் கரைந்து போய், உள்முகம் செம்பு நிறமாக, தொட்டால் பொடியும் பஞ்சாக நிற்கும். நீர் பட்ட அந்த முகத்தைத் தொடவே கூடாது. பின்பக்கமிருந்து வயர்கட்டில் (மின்பொறியால் அறுக்கும் கம்பி) அறுக்க வேண்டும். ஒப்பிடும் துண்டை அதே குழாயின் சுவர் நடுவிலிருந்து எடுத்து, அறுத்த முகத்தில் சுமார் 100 மைக்ரானை எலக்ட்ரோபாலிஷில், அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்தி, கரைத்தெடுக்க வேண்டும். சூடேற்றி நசுங்கலைப் போக்கலாமே என்று தோன்றும். தேடுகிற காலியிடமும் அதோடு போய்விடும்.

இரும்பில் இன்னொரு சிக்கல். 50 மைக்ரான் துரு இருந்தால் பாசிட்ரானில் பாதியளவு துருவுக்குள்ளேயே நின்றுவிடும். ஆனால் வெறும் அமிலத்தில் போட்டுத் துருவை எடுத்தால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து காலியிடங்களில் உட்காரும், ஆயுள் குறைத்துக் காட்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டருக்கு 20 கிராம் ஆன்டிமனி ட்ரையாக்சைடு, 50 கிராம் ஸ்டானஸ் குளோரைடு சேர்த்த கரைசலில் துரு போகும், இரும்பு அதிகம் கரையாது. அப்போதும் துருவில்லாத துண்டு ஒன்றை அதே நேரம் அதில் முக்கி அளந்து பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது.

கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. கேப்டன் தாளுக்குள்ளேயே அழியும் பாசிட்ரானின் ஆயுள் 382 பிக்கோ செகண்ட். அதைச் சரியாகக் கழிக்காவிட்டால் காலியிடக் கொத்து இருப்பது போலவே தெரியும். பத்து லட்சம் பாசிட்ரான் அழிவுகளின் எண்ணிக்கை சேரப் பல மணி நேரமாகும்; நம்மூர் வெயிலில் ஏசி நின்று நின்று ஓடினால் நேரத்தின் தொடக்கப் புள்ளியே நகரும். மணிக்கொரு கோப்பாகச் சேமித்து, பிறகு ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்துவது நல்லது.

அரை மைக்ரான் அளவில் மேற்பரப்பை மட்டும் பார்க்க மெதுவான பாசிட்ரான் கற்றை வேண்டும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அது இருக்கிறது.

ஆய்வுக்கென்று பழைய குழாய் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கட்டிக் கொடுங்கள். ஈரம் இருந்தால், கேப்டன் தாள் கிழிகிற அன்று கதிரியக்க உப்பு அதில் கரைந்து பரவும். பார்வையாக இருக்கட்டுமே என்று புளி போட்டு விளக்கி மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.