ஏரியைச் சுற்றும்போது பேரனுக்குச் சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நேற்று போனில் பேரன், "தாத்தா, உங்க ஊர் ஏரியை யாரு நட்சத்திரம் மாதிரி வெட்டுனாங்க?" என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மே மாதம் நீங்கள் கொடைக்கானலுக்கு வரும்போது அவனைக் கூட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றப் போவது நீதான். அந்த ஐந்து கிலோமீட்டரை நடக்க என் முழங்கால் இப்போது விடுவதில்லை. அதனால் உனக்கு எழுதி வைக்கிறேன்.

யாரும் நட்சத்திரமாக வெட்டவில்லை என்று சொல். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை மூன்று ஓடைகளை மறித்துக் கரை போட்டார். தண்ணீர் ஏற ஏற, மேடுகளுக்கு நடுவே இருந்த பள்ளங்களுக்குள் புகுந்துகொண்டது. நட்சத்திரத்தின் கால்கள் அந்தப் பள்ளங்கள்தான். நிரம்பி வழிகிற தண்ணீர் எங்கே போகிறது என்று அடுத்து கேட்பான். மலை ஏறி வரும்போது பஸ்ஸிலிருந்து பார்ப்பாயே, வெள்ளி அருவி, 180 அடி விழுகிறதே, அதுதான் ஏரித் தண்ணீர். அதைக் கண்டதும் "ஊரு வந்துருச்சு" என்று நீ எழுந்து நின்றுவிடுவாய். இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கும்.

கண்டக்டர் வேலையில் அந்த வழியில் பஸ் நிற்கும் இடங்களின் பெயர்களைக் கூவிக் கூவியே என் தொண்டை பழகிப்போனது. பண்ணைக்காடு பிரிவு, பெருமாள்மலை, செண்பகனூர், மூஞ்சிக்கல். இப்போது வருகிறவர்கள் போனில் 'வியூ பாயின்ட்' என்று போட்டுத் தேடி இறங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. செண்பகனூர் என்றால் அங்கே செண்பக மரம் நின்றது. கரடிச்சோலை என்றால் கரடி தண்ணீர் குடிக்க வந்தது. பெயரை விட்டால் அந்த மரமும் கரடியும் நின்ற இடம் நமக்கு எப்படித் தெரியும்?

சோலை என்ற சொல்லை அவனுக்கு நன்றாகப் புரியவை. அது பூங்கா இல்லை. மேலே புல்வெளி, மடிப்புகளில் மட்டும் குட்டையாக நெருங்கி வளர்ந்த காடு. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல ஓடைக்கு விடுவது இந்த இரண்டும்தான். தாவரவியல் படித்தவர்கள் உலகமெங்கும் 'ஷோலா' என்று எழுதுவது நம்முடைய சோலையைத்தான். அந்தப் புல்வெளியில்தான் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சீகை, யூகலிப்டஸ், பைன் என்று நட்டு மூடினார்கள். பைன் காட்டில் போட்டோ எடுங்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது நட்டு வளர்த்த காடு என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

பெரிஜம் ஏரிக்குப் போகும் வழியில் மதிகெட்டான் சோலை வரும். உள்ளே போனவனுக்குப் புத்தி தடுமாறி வழி தெரியாமல் போகும் என்பதால் அந்தப் பெயர். அப்புறம் தொப்பித்தூக்கிப் பாறை. தொப்பியைக் கீழே வீசினால் காற்று மேலே தூக்கிக் கொண்டுவந்து தரும். அவனுக்கு ஒரு பழைய தொப்பி கொண்டு வா. பெரிஜம் ஏரித் தண்ணீரைக் கீழே பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடு.

கொடைக்கானல் என்ற பெயருக்குப் பலர் பல அர்த்தம் சொல்கிறார்கள். நான் கோடையும் கானலும் சேர்ந்தது என்றுதான் நம்புகிறேன். கோடை மலை சங்கப் பாட்டிலேயே வருகிறது. கானல் என்று காட்டைச் சொல்கிற வழக்கம் வட்டக்கானல் என்ற ஊர்ப் பெயர் வரைக்கும் இருக்கிறது. வட்டக்கானலிலிருந்து இறங்கினால் வெள்ளகவி. உன்னை ஒருமுறை அங்கே கூட்டிப் போனேன், நினைவிருக்கிறதா? ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள் என்றதும் ஊர் எல்லையிலேயே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாய். கல் குத்தியது, ஆனாலும் அழவில்லை.

குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. இனி 2030. அப்போதும் அவனைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

வண்டிக்கு இ-பாஸ் முன்னாலேயே எடுத்துவிடு. எந்தத் தேதி என்று எழுது. பெரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். கை நீளம் அளந்து அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா