கரையில் ஏற்றிய படகு கைவிட்ட படகல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த ஞாயிறு இணைப்பில் திருகோணமலையில் மரீனா, அதாவது பாய்ப்படகுகளை வாடகைக்குக் கட்டி நிறுத்தும் துறை, அமைப்பது பற்றி வந்த கட்டுரையை முழுவதும் வாசித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: “பாய்ப்படகைக் கரையில் ஏற்றி வைத்திருப்பது, பராமரிக்க வழியில்லாதவர்கள் செய்கிற வேலை.” அந்த வரியை வாசித்த பிறகு மற்றதெல்லாம் மனதில் ஒட்டவில்லை. என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவது தங்கள் பத்திரிகைதான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பைபர் வள்ளம் திருத்துகிறவன். தொழில் வள்ளங்கள், கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் பலநாள் படகுகள், வெளிநாட்டுக்காரர் ஓட்டி வரும் பாய்ப்படகுகள் என்று எல்லாவற்றுக்கும் அடியில் படுத்துக் கிடந்து வேலை செய்திருக்கிறேன். எனக்கென்று ஒரு சின்னப் பாய்ப்படகும் உண்டு. 19 அடி, கீலை, அதாவது படகு சரியாமலிருக்க அடியில் நீட்டி நிற்கும் தகட்டை, மேலே இழுத்துக்கொள்ளலாம். வருடத்தில் பாதிக்கு மேல் அது ட்ரெய்லரில்தான் நிற்கிறது. வழியில்லாமல் அங்கே வைக்கவில்லை ஐயா. படகு நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.

தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் பைபர் படகுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கட்டுரையாளர் ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் போதும். தண்ணீர் மெதுவாக உள்ளே ஊறி, வெளிப்பூச்சுக்குக் கீழே கொப்புளம் போடும். தூக்கி வைத்து ஸ்க்ரூட்ரைவர் முனையால் ஒரு கொப்புளத்தைக் குத்தினால் தவிட்டு நிறத்தில் பிசுபிசுத்த நீர் பீறிட்டு வரும். வினாகிரி மணக்கும். கண்ணில் பட்டால் எரியும். ஒன்றைக் குத்தினால் பக்கத்தில் இன்னும் பத்து தெரியும். பிறகு அந்தப் பூச்சு முழுவதையும் சுரண்டி, படகை மாதக் கணக்கில் காயவைத்து, பைபரை இறுக்கும் பசையான ரெசினைத் திரும்பப் பூச வேண்டும். தண்ணீர் சூடாக இருக்கிற இடத்தில் இது இன்னும் சீக்கிரம் வரும், நம்முடைய கடலோ வருடம் முழுக்கச் சூடு. சிப்பியும் பாசியும் அப்படித்தான். அவை ஒட்டாமலிருக்கச் செம்பு கலந்த விலையான பெயின்ட் அடிக்க வேண்டும், அதுவும் ஒருநாள் தேய்ந்துபோகும், திரும்ப அடிக்க வேண்டும். ட்ரெய்லரில் நிற்கிற படகுக்கு அந்தப் பெயின்டே தேவையில்லை. நல்ல தண்ணீரால் கழுவி, அடியில் இருக்கும் பிளக்கைக் கழற்றி வைத்தால் மழைத்தண்ணீரும் தானாக ஓடிவிடும்.

மழை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் வாடைக்காலம் முழுவதும் தன் பாய்ப்படகை உள்துறைமுகத்தில் கட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். நம்முடைய உள்துறைமுகத்தில் அலைக்குப் பயமில்லைதான். ஆனால் கார்த்திகை மழை அலையை விடப் பொல்லாதது. தண்ணீர் வடியும் துவாரத்தை இலையும் குப்பையும் அடைத்துவிட்டன, பம்ப் ஓடி ஓடிப் பற்றரி செத்துவிட்டது. அவர் திரும்பி வந்தபோது படகு விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீரில் அமிழ்ந்து கிடந்தது. உள்ளே மெத்தை, வயர், எஞ்சின் எல்லாம் போய்விட்டன. அதை நானும் என் பொடியன்களும்தான் இழுத்து எடுத்தோம். கட்டுரையின் கணக்குப்படி பார்த்தால், பராமரிக்க வழி தெரிந்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

மரீனாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலையான கீல் உள்ள 35, 40 அடிப் படகுகளை ட்ரெய்லரில் இழுக்க முடியாது. தூக்குவதற்குப் பாரந்தூக்கி வேண்டும். அவை நிற்பதற்கு ஒழுங்கான இடம் தேவைதான். மரீனாவில் கட்டியிருக்கிறவர் நினைத்த நேரம் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புறப்படலாம். நான் பாய்மரத்தை நிறுத்தி, கம்பிகளை இறுக்கி, கீலை இறக்கிப் போவதற்குள் ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்க வேண்டும். இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். மாத வாடகை கொடுக்கக்கூடியவர் கொடுத்துக் கட்டட்டும். அதற்காகக் கரையில் வைத்திருக்கிறவரைக் கீழாக எழுத வேண்டுமா?

கரையில் வைப்பதிலும் வேலை இருக்கிறது ஐயா, யாரும் சும்மா நிறுத்திவிட்டுப் போவதில்லை. நிலாவெளியிலிருந்து இழுத்து வந்தால் சக்கரத்தின் நடுப்பகுதி சூடேறியிருக்கும். அதை அப்படியே கடலில் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து, உப்புத்தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்ச நாளில் பெயாரிங் துருப்பிடித்து, நடுவீதியில் சக்கரம் சிக்கிக்கொள்ளும். அதனால் கையை வைத்துப் பார்த்து, சூடு ஆறிய பிறகுதான் இறக்குவேன். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவாவது ட்ரெய்லரின் முன்பக்கம் வாகனத்தின் மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடும்போது ஆட்டம் போடும். வீதிக்கு எடுக்கும் முன் பாய்மரத்தை இறக்கியே ஆக வேண்டும். அலுமினிய மரம் மின்கம்பியில் தொட்டால் பக்கத்தில் நிற்கிறவன் உயிர் போய்விடும். இதெல்லாம் வழியில்லாதவர்கள் செய்கிற வேலையா?

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்தபோது, உப்புவெளியிலிருந்து வடக்கே எங்கும் சனம் வள்ளங்களை மேலே ஏற்றியது. மீன்வாடியில் இருந்தவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், அந்த வள்ளத்தில் ஒரு பங்கும் இல்லாதவர்கள் கூடத் தோள் கொடுத்தார்கள். என் படகையும் அவர்கள்தான் தள்ளித் தந்தார்கள். பாய்மரத்தை இறக்கி, நாலு பக்கமும் கயிறு போட்டுத் தென்னையில் கட்டினேன். படகைக் கரையேற்றுவது இந்தக் கரையில் பரம்பரையாக வருகிற அறிவு. ஒரு பகல் துறைமுகத்தைச் சுற்றிவிட்டுப் போனவர் அதை வறுமை என்று எழுதியதுதான் எனக்கு வலிக்கிறது.

கரையில் இருந்த வள்ளங்களைத்தானே சுனாமி அள்ளியது என்று யாராவது கேட்கலாம். உண்மைதான், 2004 டிசம்பர் 26 காலையில் திறந்த கடற்கரையில் இருந்தவை பெரும்பாலும் சிதறிப்போயின. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் தங்கள் பத்திரிகை எழுதியிருக்க வேண்டும். நிவாரணம் என்று வந்து இறங்கிய பைபர் வள்ளங்களில் பலவற்றை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். உள்ளே அடுக்கும் கண்ணாடி நார் விரிப்பு போதாது, ரெசின் சரியாக ஊறவில்லை. மனிதர் ஏறிக் கடலுக்குப் போகிற சாமான் அது. கையளிக்கும் விழாவின் படம் தங்கள் முதல் பக்கத்தில் வந்தது. அந்த வள்ளங்கள் பிளந்த படம் வரவில்லை.

யுத்த காலத்தில் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் கடலில் கால் வைக்க முடியாது. எஞ்சினுக்கு இத்தனை குதிரைவலுதான், இத்தனை மணிக்குத்தான் போக வேண்டும், இந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பாடு. அந்த வருடங்களில் வளர்ந்த ஒரு தலைமுறை, உலகமே புகழும் இயற்கைத் துறைமுகத்தின் கரையில் இருந்துகொண்டு பாய் கட்டப் பழகாமலே போய்விட்டது. 1957இல் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு வராத திட்டமில்லை. ஒவ்வொரு திட்டத்திலும் வெளியிலிருந்து வரும் கப்பலுக்கு இடம் இருக்கிறது, இங்கேயே பிறந்த பிள்ளை ஒரு சின்னப் படகை இறக்க இடமில்லை. வெளிநாட்டுப் பாய்ப்படகு நங்கூரம் போட்டால் நிருபர் வருகிறார். எங்கள் பிள்ளைகள் பாய் கட்டினால் யாரும் வருவதில்லை.

நம்மூரில் கடலின் ஏற்றத்தாழ்வு ஒரு மீற்றருக்கும் குறைவு. வெளிநாடுகளில் பல இடங்களில் கடல் பெருகும் வரை காத்திருந்துதான் படகை இறக்குவார்கள், இங்கே எந்த நேரமும் இறக்கலாம். ஒரு ஒழுங்கான கொங்கிறீட் சாய்தளமும் பூட்டுப் போடக்கூடிய ஒரு வளவும் இருந்தால் எத்தனையோ சின்னப் படகுகள் இந்தக் கரையில் நிற்கும். மரீனாவுக்கு ஆகும் செலவில் அது ஒரு மூலைக்கும் காணாது.

அந்த வளவைக் கூட நான் இப்போது கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சாய்தளம் இருக்கிறது. அதன் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கொங்கிறீட் உடைந்து இரண்டு இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலே நின்று பார்த்தால் தெரியாது. ட்ரெய்லர் டயர் கிழிகிறது, வள்ளத்தின் அடி கீறுகிறது, போன மாரியில் ஒரு பிள்ளையின் பாதமும் கிழிந்தது. பொறுப்பான அலுவலகத்துக்கு எழுதினேன். அது எங்கள் பொறுப்பில்லை, வேறு அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்றார்கள். அங்கே எழுதினேன், பதில் இல்லை. இது பற்றிச் சென்ற வருடம் தங்களுக்கும் எழுதியிருந்தேன், பிரசுரமாகவில்லை. இடநெருக்கடியாக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை முழுவதும் போட முடியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கம்பிகளைப் பற்றிய பகுதியையாவது போடுங்கள். அரை மணித்தியால வேலை. கிறைண்டர் என்னிடம் இருக்கிறது, ஆளும் இருக்கிறது, செலவையும் நானே பார்த்துக்கொள்கிறேன். வெட்டலாம் என்று ஒரு வரி அனுமதி எழுத்தில் கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை