நுவார் பகடி எழுதுவோருக்கும் எடுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நுவார் எனப்படும் 1940களின் இருண்ட ஹாலிவுட் துப்பறியும் படங்களைக் கிண்டல் செய்யும்போது நீளக் கோட்டு, தொப்பி, ஜன்னல் பட்டைகளின் நிழல், கரகரத்த பின்னணிக் குரல் எல்லாம் தவறாமல் வந்துவிடுகின்றன. கூடவே பழைய படங்களின் ஆள்வரிசையும் வருகிறது: வெள்ளைக்காரத் துப்பறிவாளர், கதவு திறந்துவிடும் கறுப்பினப் பணியாள், புதிராகப் பேசும் சீனக் கடைக்காரர். தொப்பியைக் கேலி செய்யும் நீங்கள் இந்த வரிசையை மட்டும் கைபடாமல் விட்டுவிடுகிறீர்கள்.

அது தானாக அமைந்த வரிசை அல்ல. 1934 முதல் கறாராக அமலான ஹேஸ் விதிகள் (ஹாலிவுட்டின் சுயதணிக்கை விதிகள்), வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைத் திரையில் தடை செய்தன. சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளராக 1931 முதல் நடித்தவர் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். ஆனால் 1959இலேயே இயக்குநர் சாமுவேல் ஃபுல்லர், நடிகர் ஜேம்ஸ் ஷிகெட்டாவை ஜப்பானிய அமெரிக்கத் துப்பறிவாளராக, காதலில் வெல்பவராகவும் காட்டினார். அன்றே முடிந்தது இன்று ஏன் முடியாது?

தொப்பியை வேறு நிறத் தலையில் மாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. நுவார் பகடியின் சிரிப்பு, குரல் சொல்வதற்கும் படம் காட்டுவதற்கும் உள்ள இடைவெளியில் பிறக்கிறது. இளக்காரத்தைக் குரலில் வையுங்கள், உண்மையைப் படத்தில் வையுங்கள். “மர்மப் புகை சூழ்ந்த கடை” என்று குரல் சொல்லட்டும். அடுத்த ஷாட்டில் கடைக்காரர் கொசுவர்த்தியை ஏற்றிவிட்டு வரிக்கணக்குப் பார்க்கட்டும். குரல் முந்த வேண்டும். படம் முந்தினால் சிரிப்பு செத்துவிடும். படத்திலும் ஒரு நொடி மர்ம இசை, சாய்ந்த கேமரா என்று சேர்த்தீர்களானால் குரலுக்குச் சாட்சி சொன்னதாகிவிடும்; சிரிப்பு கடைக்காரர் தலையில் விழும். பெரும்பாலான பகடிகள் சறுக்குவது இங்கேதான்.

ஸ்கிரிப்டில் துப்பறிவாளர் அல்லாதோரின் வசனங்களை மட்டும் தனியே எடுத்துப் படியுங்கள். எல்லாம் கேள்விக்குப் பதிலாகவே இருந்தால் அவர்கள் பாத்திரங்களல்ல, தகவல் பலகைகள். ஒவ்வொருவருக்கும் தமக்கென்று ஒரு வேலையும், துப்பறிவாளரைத் திருத்தும் ஒரு வரியும் கொடுங்கள். உச்சரிப்பை வைத்துச் செய்த நகைச்சுவையை வெட்டிவிடுங்கள். அதற்கு மாற்று தேட வேண்டாம்.

ஒளியமைப்பிலும் பாகுபாடு நுழையும், பலர் கவனிப்பதில்லை. முதன்மை ஒளியான கீ லைட்டுக்கும் நிழலைத் தணிக்கும் ஃபில்லுக்கும் 8:1, அதாவது மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு) வித்தியாசம் வைத்தால், தொப்பி விளிம்பின் நிழலில் கருமையான முகத்தின் கண்கள் தொலைந்துபோகும். அதைச் சரிசெய்ய வெறுமனே வெளிச்சத்தைக் கூட்டினால் பின்சுவர் வெளுத்து நுவாரே போய்விடும். ஃபில்லை மட்டும் கூட்டி 4:1க்குக் கொண்டுவாருங்கள். ஒளியை முகத்துக்குத் திருப்பத் தாடைக்குக் கீழே ஒரு தெர்மாகோல் பிடியுங்கள். பக்கவாட்டில் அகலமான மென்னொளி வைத்தால் கன்னத்தின் பளபளப்பே முகவடிவைக் காட்டும். தோளைப் பின்னணியிலிருந்து பிரிக்க ஒரு பேக் லைட் போதும். இரு நிறத்தவர் ஒரே ஃபிரேமில் நின்றால் வெளிறிய முகத்துக்குப் போகும் வெளிச்சத்தை ஃபிளாக் (ஒளியை மறைக்கும் தடுப்பு) வைத்து ஒரு ஸ்டாப் குறையுங்கள்.

கேமரா சோதனையை நடிக்கப்போகிறவரை நிறுத்தியே செய்யுங்கள். உதவி இயக்குநரை நிறுத்திப் பார்த்துவிட்டு, படப்பிடிப்பன்று “முகம் தெரியவில்லை” என்று நடிகரைக் குறை சொல்லாதீர்கள்.