எடைக்குப் போன வரைபடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வடசென்னையின் பழைய கட்டடங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தில் தொடங்கி, நான் நாள்தோறும் கடந்துபோகும் வீடுகள் வரை எழுதியிருக்கிறார். கட்டியவர், பணம் கொடுத்தவர், திறந்துவைத்தவர் என்று எத்தனையோ பெயர்கள். ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. கட்டுரையாளர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் தேடியிருந்தாலும் காகிதம் கிடைத்திருக்காது. அந்தக் காகிதம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

நான் ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடம் படித்தவள். 1983 முதல் பதினாறு ஆண்டுகள் ஒரு பெண் கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் மாடியில் ஒரே அறை, மூன்று டிராயிங் போர்டு. டிரேசிங் தாளில் மையால் வரைவோம். தப்பு நேர்ந்தால் பிளேடால் சுரண்டித் திருத்த வேண்டும். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து நெளிந்துவிடும் என்பதால், கார்த்திகை முடியும்வரை முக்கியமான வரைபடம் எதிலும் அம்மா எங்களை மை தொடவிடமாட்டார். அவரை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

ராயபுரத்தில் அவர் கட்டிய பிரசவ விடுதிக்கு வாசற்படியே கிடையாது, சாய்தளம்தான். வலியோடு வருகிறவள் எதற்காகப் படியேற வேண்டும் என்று கேட்பார். பன்னிரண்டடி அகல மனையில், இருபுறமும் பொதுச்சுவர் உள்ள ஒரு வீட்டுக்கு, நடுவில் நாலடிக்கு ஐந்தடி வானம் விடச் சொல்லி வீட்டுக்காரரோடு ஒரு மாதம் வாதாடினார். ஓர் அறை குறைகிறதே என்று வீட்டுக்காரர் கலங்கினார், கடைசியில் ஒப்புக்கொண்டார். அதே வீட்டில் அடிபம்பின் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், குடம் வைக்க ஒரு மேடை. தரையிலிருந்து குனிந்து குடம் தூக்கிய முதுகுக்குத்தான் அந்த மேடையின் அருமை தெரியும். அந்த மேடையை வரைந்தது இந்தக் கை.

அம்மா காலமான சில மாதங்களில் அறையைக் காலி செய்தார்கள். செய்தி கேட்டு நான் ஓடுவதற்குள் உருளை உருளையாகத் தாள்கள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. கடையில் நின்று கெஞ்சி மூன்று தாள்களை மட்டும் வாங்கி வந்தேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வரைபடம் போய்விட்டால், கட்டடம் நின்றாலும் அது யாருடைய எண்ணம் என்று சொல்ல ஆளில்லை. பத்திரத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும், வாசல் கல்லில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கும். செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கிய சோழ அரசி செம்பியன் மாதேவியார் ஆயிரம் ஆண்டு கழித்தும் நம்மிடையே இருக்கிறார் என்றால், அவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள் என்பதால்தான்.

கண்டியில் வாழ்ந்த மினெட் டி சில்வாவை நினைத்துக்கொள்கிறேன். 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண். அவர் கட்டியவற்றில் பல இன்று இல்லை. தன் படங்களையும் கடிதங்களையும் தானே சேர்த்து நூலாக்கினார். அவர் இறந்த 1998இல்தான் அது வெளிவந்தது. அதுவும் இல்லாதிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? இந்தப் பறிபோதலைத் தடுக்கவே அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மில்கா பிளிஸ்னகோவ் என்ற பெண் கட்டடக் கலைஞர் 1985இல் ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினார். கட்டடக் கலையில் உழைத்த பெண்களின் வரைபடங்களை உலகெங்கிலுமிருந்து சேர்க்கிறார்கள்.

நம் ஊரிலும் பெருமைக்குக் குறைவில்லை. 1940களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து வெளியேறிய முதல் பெண்கள் மூவரில் பி.கே. திரேசியா சிவில் பயின்றவர். 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். ஆனால் அவர்களுக்குப் பின் வந்து, தெருத்தெருவாக வீடு வரைந்த பெண்களை யார் எழுதி வைத்தார்கள்?

வடசென்னை வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் அப்ரூவல் பிளான் இருக்கும்; எடுத்துப் பாருங்கள். வலது கீழ் மூலைக் கட்டத்தில் கையெழுத்தோ, வரைந்தவரின் முதலெழுத்துகளோ இருக்கும். பெண் பெயராக இருந்தால் இதழுக்கு எழுதுங்கள். அந்தக் காலத்தில் அமோனியா ஆவியில் எடுத்த நகலான அமோனியா பிரிண்ட் வெளிச்சம் பட்டால் வெளுத்துக்கொண்டே போகும், ஆகவே கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். மடிக்காமல் இருட்டில் தட்டையாக வையுங்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இத்தகைய வரைபடங்களுக்கென்று ஒரு தனி அலமாரி ஒதுக்க வேண்டும் என்று உங்கள் இதழ் அரசைக் கேட்க வேண்டும்.

குடமேடை வைத்த அந்த வீடு இன்னும் நிற்கிறது. தை பிறந்ததும் இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். படம் எடுத்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். மார்கழிக்குள் உங்கள் புகைப்படக்காரரை அனுப்பி வையுங்கள். அந்த மூன்று தாள்களில் ஒன்று அந்த வீட்டினுடையது. நானே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.