உதிரி பல்பு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் எப்போதும் போலத்தான். இரண்டு வாரமாக நீ பேசும்போதெல்லாம் எங்கள் உடல்நலத்தை மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். கருத்தரங்கு எப்படி நடந்தது என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. தம்பி ஏதோ சொன்னான். அவன் எதையும் பாதிதான் சொல்வான் என்பது உனக்குத் தெரியும். அடுத்த மாதம் மறுபடியும் பேசப் போகிறாய் என்பதால் சிலவற்றை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

உன் உரைக்கான ஸ்லைடு கோப்பை மடிக்கணினியில் மட்டும் வைத்துக்கொண்டு போகாதே. பென்டிரைவில் ஒரு படியும் மின்னஞ்சலில் ஒரு படியும் இருக்கட்டும். பிடிஎஃப் வடிவிலும் ஒன்றை மாற்றி வைத்துக்கொள். நீ பயன்படுத்திய எழுத்துரு அங்குள்ள கணினியில் இல்லாவிட்டால் பவர்பாயிண்ட் தானாக வேறொன்றை இட்டுக்கொள்ளும், வரிகள் படத்தின் மேல் ஏறி உட்காரும். ஒருங்குறிக்கு (யுனிகோடுக்கு) முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழ் என்றால் வெறும் குறிகளாகவே தெரியும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃபில் இந்தத் தொல்லை கிடையாது. காணொளியைத் தனிக் கோப்பாகவே எடுத்துச் செல், அரங்கத்து இணையத்தை நம்பாதே.

உன் கணினியில் இருப்பது யுஎஸ்பி-சி துளை மட்டும். அங்கே புரொஜெக்டரோடு இணைக்கும் துளை எச்டிஎம்ஐயாக இருக்கலாம், 1987இல் வந்த விஜிஏ மட்டுமே கூட இருக்கலாம்; அதன் வழியாக ஒலி போகாது என்பதையும் நினைவில் வை. இரண்டுக்குமான அடாப்டர் உன் பையில் இருக்க வேண்டும், அவர்களிடம் இருக்கும் என்று எண்ணக் கூடாது. அரை மணி நேரம் முன்பே போய், எல்லாவற்றையும் இணைத்துப் பார்த்துவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுத்து தெரிகிறதா என்று பார். பென்டிரைவை மறக்காதே.

மின்சாரம் போய் வந்தாலும் பல்பு வைத்த புரொஜெக்டர் உடனே எரிந்துவிடாது, சூடு தணியச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நிமிடங்களில் என்ன பேசுவாய், பலகையில் எந்தப் படத்தை வரைவாய் என்பதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள். 1998இல் பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே, செயல்விளக்கத்தின் நடுவில் விண்டோஸ் 98 பிழை காட்டும் நீலத்திரையாகி நின்றுவிட்டது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு அனுப்பவில்லை போலும் என்று அவரே சிரித்துவிட்டு மேலே நடத்தினார்.

டார்ச் அணைந்த பிறகும் இருட்டில் இரண்டு கைகளையும் வைத்தே தம்பிக்குக் கிரகணம் சொல்லிக்கொடுத்தவள் நீ. அன்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவள் இருபது நிமிடம் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மேடையைவிட்டு இறங்கிவிட்டாய் என்று அவன் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று பிறகுதான் புரிந்தது.

ஓஹெச்பி, அதாவது கண்ணாடித் தாளில் எழுதியதைத் திரையில் காட்டும் பழைய புரொஜெக்டர், அதன் பல்பு வகுப்பில் போன கதையை உங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஆய்வக உதவியாளரின் அலட்சியம் என்றே சொல்லி முடிப்பேன். உண்மை அதுவல்ல. அந்தக் கருவிக்குள் உதிரி பல்பு ஒன்று இருந்தது, பக்கவாட்டு நெம்புகோலைத் தள்ளினால் அது எரியும். மூன்று வாரத்துக்கு முன்பு முதல் பல்பு போனபோது நெம்புகோலைத் தள்ளியவன் நான்தான். புதிது ஒன்று வாங்கி வைக்கச் சொல்ல மறந்துபோனேன். அன்று வகுப்பின் நடுவே இரண்டாவதும் போயிற்று. மாணவர்கள் முன்னால் உதவியாளரைத் திட்டினேன். அவர் பதில் பேசவில்லை. கருகிய பல்பைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பலகையும் சுண்ணக்கட்டியும் என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன, ஆனால் பாடம் டிரான்ஸ்பரன்சித் தாள்களில் இருந்ததே தவிர என் தலையில் இல்லை. பதினொரு ஆண்டுகளாக அதே தாள்கள். வகுப்பைக் கலைத்துவிட்டேன். அவர் ஓய்வு பெற்றுப் போகும் நாளில்கூட அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடாப்டர் வாங்கும்போது ஸ்லைடு மாற்றும் ரிமோட்டுக்குப் பேட்டரியும் சேர்த்து வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை பேசு, அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசு.

அன்புடன்,
அப்பா