உள்ளே இருக்கறவங்கதான் முதல்ல

செல்லம்,

சாப்பாடு, குளிரு, ரூம்மேட் கதையெல்லாம் ராத்திரி போன்ல பேசிக்கலாம், இப்ப அந்த காம்போசிட் ஃபங்க்ஷனுக்கு மட்டும் வரேன் (ஃபங்க்ஷன்னா ஒரு நம்பர வாங்கி ஒரு விடைய குடுக்கற விதி, காம்போசிட்னா ஒண்ணோட விடைய இன்னொண்ணுக்குள்ள போடறது), நீ அனுப்பின கணக்கு போட்டோவ பாத்ததுமே எங்க சிக்கிக்கிட்டனு தெரிஞ்சிடுச்சு.

எஃப்(ஜி(எக்ஸ்)) னு எழுதினா கண்ணுக்கு எஃப் தான் முன்னாடி தெரியும், ஆனா எக்ஸ ஒட்டி உக்காந்திருக்கறது ஜி, அதனால வேலைய ஆரம்பிக்கறதும் ஜி தான். அது குடுக்கற விடைய எஃப் வாங்கிக்கும். எஃப்-க்கும் ஜி-க்கும் நடுவுல குட்டி வட்டம் போட்டு எழுதறாங்களே அது பெருக்கல் இல்லடி, ரெண்டாவது கணக்குல பெருக்கி வச்சிருக்க.

வரிசைய மாத்தினா விடையும் மாறும். தி.நகர்ல 2000 ரூபா சுடிதார், 10% தள்ளுபடி, கையில 100 ரூபா கூப்பன். தள்ளுபடி முதல்லனா 1800, கூப்பன் போக 1700. கூப்பன் முதல்லனா 1900, அதுல 10% போக 1710. விலை என்னவா இருந்தாலும் இந்த 10 ரூபா வித்தியாசம் மாறாது, ஏன்னா ரெண்டாவது வழியில கூப்பனுக்கே 10% வெட்டு விழுந்துடுது. கடைக்காரர் எந்த வழிய பிடிப்பார்னு உனக்கு சொல்லணுமா!

சரி, உன் நிஜமான பிரச்சனை டொமைன், அதாவது எக்ஸா எந்தெந்த நம்பர உள்ள போடலாம்ங்கறது. ஜி ரூட் எடுக்குது, எஃப் ஸ்கொயர் பண்ணுது, சுருக்கினா வெறும் எக்ஸ் வருது, உடனே நீ எல்லா ரியல் நம்பரும்னு எழுதிட்ட. -4 போட்டு பாரு, மைனஸ் நம்பருக்கு ரியல் ரூட் கிடையாது, அதனால ரூட்லயே நின்னுடும், ஸ்கொயர் பக்கம் போகவே போகாது. அதனால 0-வும் அதுக்கு மேலயும் மட்டும்தான். திருப்பிப் போட்டா, அதாவது ஸ்கொயர் பண்ணிட்டு அப்புறம் ரூட், -4 தாராளமா உள்ள போய் 16 ஆகி 4-ஆ வெளிய வருது, போனது மைனஸ் வந்தது பிளஸ், அப்ப விடை எக்ஸ் இல்ல, மாடுலஸ் எக்ஸ், அதாவது மைனஸ் குறிய எடுத்துட்ட எக்ஸ். நம்ம டியூஷன் பிளஸ் டூ பசங்களும் இதே இடத்துலதான் மார்க்க விடுவாங்க. டொமைன சுருக்கறதுக்கு முன்னாடியே பாத்துடணும், சுருக்கினப்புறம் தடயமே இருக்காது.

டிஃபரன்ஷியேட் பண்றப்ப வர செயின் ரூலுக்கும் இதே மாதிரி ஃபங்க்ஷன் தான், ஆனா அங்க வெளிய இருந்து உள்ள வரணும்: சைன்(எக்ஸ்²) னா முதல்ல காஸ்(எக்ஸ்²), அப்புறம் 2எக்ஸால பெருக்கு. அது இன்னொரு நாள்.

இத போட்டு அனுப்பு: ஜி(எக்ஸ்) = 1/(எக்ஸ்-2), எஃப்(எக்ஸ்) = 1/(எக்ஸ்-1). எஃப்(ஜி(எக்ஸ்))-ல எக்ஸுக்கு ஆகாத நம்பர் ரெண்டு இருக்கு, சுருக்கினா ஒண்ணுதான் கண்ணுல படும்.

அம்மா